முதியோர் பேலன்ஸ் வகுப்பு, கும்பகோணம்: 12 வாரம் போய்வந்த ரிட்டயர்டு கண்டக்டர் எழுதுவது

வயசு 68. அரசு பஸ்ஸில் 32 வருஷம் கண்டக்டர். 1983-ல் சேரும்போது சோழன் போக்குவரத்துக் கழகம் என்று பேர். 2015-ல் ரிட்டயர் ஆகும்போது அந்தப் பேர் போய் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கும்பகோணம்–மயிலாடுதுறை ரூட்டில் மட்டும் 11 வருஷம் ஓடியிருக்கிறேன். ஒரு கையில் டிக்கெட் கட்டு, ஒரு கையில் சில்லறை, வாயில் விசில். கம்பியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. அப்படி நின்றவனுக்குப் போய் நிற்கச் சொல்லித்தர ஒரு வகுப்பா என்று மருமகளிடம் சத்தம் போட்டேன். அவள் பதில் பேசவில்லை. 600 ரூபாய் கட்டி ரசீதைக் கொண்டுவந்து டிவி பக்கத்தில் வைத்துவிட்டாள். கட்டின காசை விட எனக்கு மனசு வராது என்று அவளுக்குத் தெரியும்.

இடத்தின் பேரை எழுதவில்லை. நல்லதும் சொல்லப்போகிறேன், குறையும் சொல்லப்போகிறேன். ஒரே ஊரில் இருந்துகொண்டு வம்பு வேண்டாம். ஊருக்குள்ளேயே ஒரு பிசியோதெரபி கிளினிக், முதல் மாடி. செவ்வாயும் வெள்ளியும் 11 மணி முதல் 12 வரை. 12 வாரத்துக்கு 4,500 ரூபாய், முதல் நாள் பரிசோதனைக்குத் தனியாக 600. உங்கள் ஊரில் இப்படி ஒன்றைத் தேடுகிறவர்கள், எதைப் பார்த்துச் சேர்வது என்று தெரிந்துகொள்ள இதைப் படிக்கலாம்.

நான் விழுந்தது போன ஐப்பசியில், ஒரு சனிக்கிழமை. எண்ணெய்க் குளியல். தலையில் சீயக்காய் தேய்த்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சொம்பைத் தேடிக் கையை நீட்டினேன். வலது கால் தனியாகப் போய்விட்டது. இடது கையை ஊன்றினேன், மணிக்கட்டில் ஒரு சத்தம். சம்சாரம் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பாத்ரூம் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். கண்ணில் சீயக்காய் எரிய, எண்ணெய்த் தரையில், எழுந்திருக்கத் தெரியாமல் 40 நிமிஷம் கிடந்தேன். எழுந்திருக்க *முடியாமல்* இல்லை, *தெரியாமல்*. அதைப் பின்னால் சொல்கிறேன்.

6 வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகுதான் நிஜத் தொல்லை ஆரம்பித்தது. பயம். மகாமகக் குளத்தைத் தினமும் விடிகாலையில் நாலு சுற்று சுற்றுகிறவன், தெருமுனை டீக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டேன். வீட்டுக்குள் சுவரைத் தடவித் தடவி நடை. தொடை இரண்டும் கைலிக்குள் ஆடிக்கொண்டு இருப்பதைக் கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே பிடிக்கவில்லை.

முதல் நாள். சொல்லித்தருகிறவர் ஒரு சின்னப் பெண், என் மகளைவிட இளையவர். கவுண்டரில் இருந்த பையன் "தாத்தா, இப்படி உக்காருங்க" என்றான். இந்தப் பெண் "அப்பா" என்றார். அங்கேயே எனக்குப் பாதி சமாதானம் ஆகிவிட்டது. அவர் கேட்ட முதல் கேள்வி எங்கே விழுந்தீர்கள் என்பது இல்லை. "விழுறப்ப கண்ணு தொறந்திருந்துச்சாப்பா?"

இல்லை என்றேன். "கால்ல எண்ணெயா?" ஆமாம் என்றேன்.

உடம்பு எங்கே நிற்கிறது என்று மூளைக்கு மூன்று இடத்திலிருந்து தகவல் போகிறதாம். கண், உள்காது, பிறகு உள்ளங்காலும் கணுக்காலும். ஒன்று தவறினால் மற்ற இரண்டும் தாங்கிக்கொள்ளும். "நீங்க மூணுல ரெண்டை அன்னைக்கு அடைச்சுட்டீங்க. மிச்சம் காது மட்டும். அதுக்கும் 68 வயசுதானேப்பா." 40 வருஷமாக சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறேன், என்ன செய்கிறேன் என்று இப்போதுதான் விளங்கியது. இப்போது ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் தலைக்குத் தேய்க்கிறேன்.

அப்புறம் ஸ்டாப்வாட்ச். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். கனடாவில் 1991-ல் இரண்டு பேர் எழுதிவைத்த சோதனையாம். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழுகிற ஆபத்து இருக்கிறது என்று கணக்கு. எனக்கு 15.4. அடுத்து, கையை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை எழுந்து உட்காருகிறோம் என்பது. என் வயசு ஆம்பளைக்கு 12-க்குக் குறையக் கூடாது. நான் 8. கடைசியாக நின்று காட்டுவது, நாலு விதம். இரண்டு காலும் சேர்த்து, ஒரு கால் பாதி முன்னால், ஒரு காலுக்கு நேர் முன்னால் மறு கால், அப்புறம் ஒற்றைக் கால். ஒவ்வொன்றும் 10 விநாடி. மூன்றாவதில் 4 விநாடியில் சுவரைப் பிடித்தேன். நாலாவதைக் கேட்கவேண்டாம்.

இதோடு விட்டிருந்தால் ஜிம்முக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை என்றிருப்பேன். படுக்கவைத்து 5 நிமிஷம் கழித்து பிபி பார்த்தார். 148. எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தார். 124. மேல் கணக்கு 20-ம் அதற்கு மேலும் இறங்கினால் விடக் கூடாதாம். "ராத்திரி என்ன மாத்திரை போடுறீங்க?" என்று கேட்டார். ஆம்பளைகள் இதை வெளியே சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன்: புராஸ்டேட்டுக்கு ஒன்று. ராத்திரி மூன்று தடவை எழுந்து போவதற்காகப் போட்ட மாத்திரைதான் எழுந்திருக்கும்போது தலையைச் சுற்றவைத்தது. ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் அதை நிறுத்தி வேறு கொடுத்தார். நீங்கள் சேருகிற இடத்தில் படுக்கவைத்து, நிற்கவைத்து பிபி பார்க்கவில்லை என்றால், மாத்திரைப் பட்டியலைக் கேட்கவில்லை என்றால், திரும்பி வந்துவிடுங்கள். 600 ரூபாய் அதற்கே சரியாகப்போயிற்று.

செக்கிங் இன்ஸ்பெக்டர்களுக்குப் பதில் சொல்லியே பாதி ஆயுசைக் கழித்தவன் நான். யார் எதைச் சொன்னாலும் டிக்கெட்டைக் காட்டு என்பேன். இதனால் எல்லாம் விழாமல் இருப்பார்களா, ஆதாரம் உண்டா என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. அடுத்த வகுப்புக்குக் காகிதத்தோடு வந்தார்.

நியூசிலாந்தில் டனீடின் என்று ஒரு ஊர். அங்கே உள்ள ஒட்டாகோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் 80 வயசும் அதற்கு மேலும் ஆன 233 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் கால் பலத்துக்கும் பேலன்ஸுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 1997-ல் வெளியான கணக்கு. ஒரு வருஷத்தில் பயிற்சி செய்யாதவர்கள் விழுந்தது 152 தடவை. செய்தவர்கள் 88. டிக்கெட் கணக்கு எழுதுகிற டிரிப் ஷீட் மாதிரி மனசில் ஏறிவிட்டது. எங்கள் வகுப்பில் நடப்பது அந்த ஒட்டாகோ முறைதான், 17 பயிற்சி. அப்புறம் 2019-ல் 25 நாடுகளில் நடந்த 108 ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள், 23,000 பேருக்கு மேல். பயிற்சி செய்தால் விழுவது 23 சதவீதம் குறைகிறது. 100 தடவை விழுகிற இடத்தில் 77. பூராவும் நிற்காது என்பதையும் அவரே சொன்னார். அதனால்தான் நம்பினேன்.

"நான் குளத்தைச் சுத்துறேனேம்மா, அது போதாதா?" என்றேன். நடை நெஞ்சுக்கும் சர்க்கரைக்கும் நல்லது, ஆனால் வெறும் நடை மட்டும் விழுவதைக் குறைக்கும் என்று யாரும் உறுதியாகக் காட்டவில்லை என்றார். சமதரையில் நேராக நடப்பதில் உடம்பு தடுமாறவே தடுமாறாது. தடுமாறாத உடம்பு சமாளிக்கக் கற்றுக்கொள்ளாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வகுப்பின் சூட்சுமம் எல்லாம் கையை எடுப்பதில்தான் இருக்கிறது. முதல் இரண்டு வாரம் மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குதிகாலில் நிற்பது, விரல் நுனியில் நிற்பது, முழங்காலை மடக்குவது, பின்னால் நடப்பது. அப்புறம் ஒரு கை. அப்புறம் விரல் நுனி மட்டும் மேஜையில் பட்டும் படாமலும். ஐந்தாம் வாரம் கையே கூடாது, மேஜை பக்கத்தில் சும்மா இருக்கும். யாருக்கு எப்போது கையை எடுக்கச் சொல்வது என்பதில்தான் அந்தப் பெண்ணின் திறமை. பித்தளைப் பாத்திரக் கடை முதலாளி ஒருவருக்கு எட்டாம் வாரம்தான் எடுத்தார். மடிசார் கட்டின ஒரு மாமி, 74 வயசு, ஒரு காலின் விரலை மறு காலின் குதிகாலில் ஒட்டி ஒட்டி நடப்பதை மூன்றாம் நாளே கை இல்லாமல் செய்துவிட்டார். "இது அடிப்பிரதட்சணம்தானேம்மா, கல்யாணத்துக்கு முன்னாடியே வேண்டிண்டு பண்ணியிருக்கேன்" என்றார். நாங்கள் ஆம்பளைகள் நாலு பேரும் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டோம்.

ஐந்தாம் வாரம் நான் ஒற்றைக் காலில் நிற்கிறேன், கை இரண்டும் காற்றில். 6 விநாடி, 7 விநாடி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்பா, இடுப்பு சாயுது" என்றார். குனிந்து பார்த்தால் என் இடது இடுப்பு மேஜை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது.

அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். 32 வருஷமும் நான் எதையும் பிடிக்காமல் நின்றதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, உண்மையில் எப்படி நின்றேன்? டிக்கெட் கிழிக்கும்போது இடுப்பை சீட்டின் ஓரக் கம்பியில் கொடுத்துவிடுவேன். கால் இரண்டையும் குறுக்கே அகட்டிவைப்பேன். டிரைவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிற சத்தத்திலேயே என் முழங்கால் இளகி, வரப்போகிற பிரேக்குக்குத் தயாராகிவிடும். ஆடுதுறை கேட் எப்போது வரும், எந்த வளைவில் எந்தப் பக்கம் தள்ளும் என்று உடம்புக்கு மனப்பாடம். பாத்ரூமில் சாய இடமும் இல்லை, சத்தம் கொடுக்கிற டிரைவரும் இல்லை.

இதைச் சொன்னபோது அந்தப் பெண் சிரித்தார். மறு வாரத்திலிருந்து எனக்கு மட்டும் தனி கவனிப்பு. நின்றுகொண்டிருக்கும்போது பின்னால் வந்து சொல்லாமல் கொள்ளாமல் தோளை லேசாகத் தள்ளுவார். ஒரு எட்டு வைத்துச் சமாளிக்க வேண்டும். புது டிரைவரோடு டூட்டி போட்ட மாதிரி. இடுப்பில் ஒரு பெல்ட் மாட்டி அதை அவர் பிடித்திருப்பார், விழ விடமாட்டார். வீட்டில் பேரனை வைத்து இதைச் செய்துபார்க்காதீர்கள். நான் செய்தேன், மருமகள் பார்த்துவிட்டாள்.

ஏழாம் வாரம் இன்னொரு அவமானம். நடந்துகொண்டே கணக்குச் சொல்ல வேண்டும். இது நம்ம தொழிலாயிற்றே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். "37 ரூபா டிக்கெட், 200 ரூபா நோட்டு, மூணு பேரு. மிச்சம் எவ்வளவு?" 89 என்றேன், சரியாகத்தான் சொன்னேன். கால் நின்றுவிட்டது. ஓடுகிற பஸ்ஸில் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை செய்த கணக்கு! ஸ்வீடனில் 1997-ல் ஒரு முதியோர் இல்லத்தில் இதையே பார்த்திருக்கிறார்களாம். நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் நின்றுவிட்டவர்கள் 12 பேர். அதில் 10 பேர் அடுத்த 6 மாசத்துக்குள் விழுந்திருக்கிறார்கள். வயசானால் நடையும் யோசனை கேட்கிறது. யோசனையை வேறு எதற்காவது கொடுத்தால் நடை நிற்கிறது. தெருவில் நடந்துகொண்டே போன் பேசுகிற என் சேக்காளிகளுக்கு இந்த ஒரு பத்தியை மட்டுமாவது யாராவது படித்துக் காட்டுங்கள்.

தரையிலிருந்து எழுந்திருப்பதைப் பத்தாம் வாரம்தான் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் வாரமே சொல்லித்தந்திருக்க வேண்டும், இது என் அபிப்பிராயம். விழுந்ததும் எழ முயலக் கூடாது. முதலில் எங்கே வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, நாலு காலில் வந்து, பலமான நாற்காலியோ கட்டிலோ இருக்கிற இடத்துக்குத் தவழ்ந்து போய், அதில் கையை வைத்து, பலமான காலை முன்னால் மடக்கி, எழுந்து திரும்பி உட்கார வேண்டும். அவ்வளவுதான். அன்றைக்கு மல்லாந்து கிடந்து நேராக எழப் பார்த்தே 40 நிமிஷம் போயிற்று எனக்கு. சம்சாரத்தையும் ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போய் இதை மட்டும் பழக்கினேன். அவள் புடவையோடு தவழ வெட்கப்பட்டு, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுச் செய்தாள். எங்கள் பாத்ரூமில் இப்போது தாழ்ப்பாள் போடுவதில்லை. வாசலில் துண்டு தொங்கினால் ஆள் உள்ளே என்று அர்த்தம்.

இனி குறைகள்.

முதல் மாடி, லிஃப்ட் இல்லை. 22 படி. ஏறும்போது இடது பக்கம் மட்டும் கம்பி. எனக்கு ஒடிந்தது இடது கை. விழாமல் இருக்கச் சொல்லித்தருகிற இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் விழுந்துவிடுவேனோ என்று முதல் வாரம் முழுக்க நினைத்துக்கொண்டுதான் ஏறினேன்.

பேலன்ஸ் மெஷின் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மேலே ஏறி நின்றால் டிவியில் ஒரு பந்து ஆடும், அதை வட்டத்துக்குள் வைக்க வேண்டும். தடவைக்கு 350 ரூபாய், பேக்கேஜில் சேராது. இரண்டு தடவை ஏறினேன். விளையாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டனீடின் கிழவிகள் மெஷின் இல்லாமல்தானே 152-ஐ 88 ஆக்கினார்கள்? அந்தப் பெண்ணிடம் கேட்டேன், அவர் முதலாளி அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்களுக்கு வேண்டாம்ப்பா" என்றார். வாழ்க.

கணுக்காலில் கட்டுகிற எடைப் பட்டை ஜோடி 900 ரூபாய்க்கு விற்கிறார்கள். நான் வாங்கவில்லை. பழைய காக்கி பேன்ட் ஒன்று பெட்டியில் இருந்தது. அதன் காலை வெட்டி நீளப் பை தைத்து, ஆற்று மணலைச் சலித்துக் காயவைத்து, பக்கத்துக்கு ஒரு கிலோ போட்டு, நடுவில் நாலு தையல் கொடுத்து மணல் ஒரே பக்கம் ஓடாமல் செய்தேன். மளிகைக் கடைத் தராசில் நிறுத்தாயிற்று. அந்தப் பெண் தூக்கிப் பார்த்து, தன் தராசிலும் வைத்துப் பார்த்து, சரி என்றார். மறுவாரம் வெற்றிலை வியாபாரி ஒருவர் இரண்டு ஜோடி தைத்துத் தரச் சொன்னார்.

எல்லாரையும் ஒரே கூட்டத்தில் போடுவதும் சரியில்லை. பார்க்கின்சன் என்கிற நடுக்க நோய் உள்ள ஒருவர் எங்களோடு இருந்தார். அவருக்கு வேண்டியது வேறு, வேகம் வேறு. நாலு வாரத்தில் நின்றுவிட்டார். அதற்குக் காரணம் அவர் இல்லை.

பெரிய குறை இதுதான். ஒட்டாகோ முறையில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்து, பிறகு போன் செய்தும் விசாரிப்பார் என்று இவர்களே சொன்னார்கள். இங்கே ஒரு தடவைகூட யாரும் என் பாத்ரூமை வந்து பார்க்கவில்லை. 12 வாரம் முடிந்த மறுநாளிலிருந்து ஒரு போன் கிடையாது. விட்டுவிட்டால் பலன் கரைந்துபோகும் என்று வகுப்பில் சொல்லித்தந்ததும் இவர்கள்தான். கைப்பிடிக் கம்பியை நானே மாட்டிக்கொண்டேன். முதலில் ஆன்லைனில் ரப்பர் கிண்ணம் வைத்து ஒட்டுகிற மாதிரி ஒன்று வாங்கினேன். நல்லவேளை, மாட்டிய அன்றே வாளியைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். சாயங்காலம் வாளியோடு கீழே கிடந்தது. அப்புறம் பிளம்பரைக் கூப்பிட்டு சுவரில் துளை போட்டு ஸ்டீல் கம்பி, ஒன்று உட்காரும் இடத்தில், ஒன்று வாசலில். துண்டு போடுகிற கம்பியைக் கைப்பிடியாக நினைக்காதீர்கள், அது துண்டின் எடையைத் தாங்கத்தான் செய்தது.

12-ம் வாரக் கணக்கு. நடந்து வந்து உட்கார 10.6 விநாடி. 30 விநாடியில் 13 தடவை எழுந்து உட்கார்ந்தேன். ஒன்றன் முன் ஒன்று கால்வைத்து 10 விநாடி பூராவும். ஒற்றைக் கால் வலது 8, இடது 5, இடுப்பு எங்கேயும் படாமல். போன வாரம் பால் பாக்கெட் எடுக்க விடிகாலையில் கதவைத் திறந்தேன், மிதியடி டைல்ஸில் சர்ரென்று நகர்ந்தது. நான் என்ன ஏது என்று நினைப்பதற்குள் இடது கால் பக்கவாட்டில் ஒரு எட்டு வைத்து நின்றுவிட்டது. பால் பாக்கெட் கீழே விழவில்லை. மிதியடியைக் குப்பையில் போட்டேன். குளத்துக்கு மறுபடி போகிறேன், இப்போது மூன்று சுற்று முன்னால், அரைச் சுற்று கிழக்குக் கரையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பக்கவாட்டில்.

5-க்கு 4 நட்சத்திரம். நாலும் அந்தப் பெண்ணுக்கு. படிக்கு வலது பக்கமும் கம்பி போட்டால் ஐந்தாவதைப் பற்றிப் பேசலாம்.

போகிறவர்களுக்கு: வேட்டி கட்டிப் போனால் மடித்துக் கட்டச் சொல்வார்கள், பேன்ட்டோ டிராக்கோ நல்லது. தேய்ந்த ஹவாய் செருப்பைப் பார்த்தால் அந்தப் பெண் வாங்கித் தூர வைத்துவிடுவார். மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள். கவுண்டரில் உள்ள பையனிடம் எப்போதும் 500 ரூபாய் நோட்டுக்கு மிச்சம் இருக்காது. சரியான சில்லறை கொண்டு போகவும்.